பதினாலாயிரம் ஸ்டெப்பு

சாப்பிடுங்க தம்பி, சாப்பிடுங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்த வடை எத்தனை நாள் எண்ணெயில வெந்துச்சுன்னு தெரியுமா? நான் பார்த்தேன். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல நீங்க வாங்கும்போதே பின்னாடி நின்னு எட்டிப் பார்த்தேன். எண்ணெய் தார் மாதிரி இருக்கு. சரி, வாங்கினது வாங்கிட்டீங்க, ரெண்டாவதையாவது பேப்பரோட மடிச்சு வச்சிருங்க. மதுரையில எறங்கி நாய்க்குப் போடலாம். நாய்க்கும் நல்லதில்லதான், இருந்தாலும்.

கோவிச்சுக்காதீங்க. எனக்கு என்ன வயசு இருக்கும், சொல்லுங்க பாப்போம். அட, சும்மா சொல்லுங்க. ஐம்பத்தி நாலா? பாத்தீங்களா, எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அறுபத்தொண்ணு முடிஞ்சிருச்சு தம்பி. போன வருஷம் சித்திரையில என்னைப் பார்த்திருந்தா எழுபதுன்னு சொல்லியிருப்பீங்க. தொப்பை இங்க வரைக்கும் நிக்கும். குனிஞ்சு செருப்பு மாட்ட முடியாது. இப்ப எங்க அந்தத் தொப்பை? தட்டிப் பாருங்க. சரி, பஸ்ல வேண்டாம்.

பேரு தவசிலிங்கம். நில அளவைத் துறையில முப்பத்தி நாலு வருஷம் சர்வேயர். இந்தத் தாலுகாவுல நான் அளக்காத வரப்பு கிடையாது. ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலை போட்டு ஜீப்ல கொண்டாந்து விட்டாங்க. மறுவாரம் சும்மா ஒரு டெஸ்ட் எடுத்துப் பாப்போமேன்னு போனா, சர்க்கரை முந்நூத்திப் பன்னெண்டு. கண்ணு இருட்டிருச்சு தம்பி. எங்க அப்பாவுக்குச் சர்க்கரையிலதான் கால் போச்சு. கட்டை விரல்ல ஆரம்பிச்சு முட்டி வரைக்கும் எடுத்தாங்க. அதை நெனச்சுக்கிட்டு ரெண்டு நாள் நான் எந்திரிக்கவே இல்ல.

மூணாம் நாள் எந்திரிச்சேன். எந்திரிச்சு ஒரு சார்ட் பேப்பர் வாங்கினேன். ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு, எத்தனை மணிக்கு என்னங்கிறதை எழுதி, பிரிட்ஜ் மேல ஒட்டிட்டேன். பழக்கம்தான் தம்பி எல்லாம். மாத்திரை மருந்தெல்லாம் அப்புறம். ஒரு காரியத்தை இருபத்தொரு நாள் விடாம செஞ்சுட்டீங்கன்னா உடம்பு தானா அதைக் கேக்க ஆரம்பிச்சிரும். நான் ஒரு நாள் விட்டதில்ல. மழையா இருந்தாலும், கல்யாணம் காட்சின்னாலும், விட்டதே இல்ல.

காலையில அஞ்சு மணி, வெந்நீர். அதுல ராத்திரி ஊறப்போட்ட வெந்தயம். அஞ்சரைக்கு வாக்கிங். ஏழு மணிக்கு வந்தா மாடி ரூம்ல மூச்சுப் பயிற்சி. மாடியிலதான் சத்தம் கிடையாது, காத்தும் நல்லா வரும். ஏழரைக்கு அருகம்புல் சாறு, அங்கயே வந்துரும். எட்டரைக்குக் கேழ்வரகுக் கஞ்சி, இல்லேன்னா கம்பு. நேத்து அரைச்ச மாவு, பாக்கெட் மாவு ஒண்ணும் ஆகாது, அன்னன்னைக்குத் திரிச்சாத்தான் சத்து. பதினொன்னேகாலுக்கு நெல்லிக்காய்ச் சாறு. மத்தியானம் சாமை, வரகு, குதிரைவாலி, ஒவ்வொரு நாளைக்கு ஒண்ணு. ரெண்டு காய், ஒரு கீரை. வீட்டுல அவளுக்கு மட்டும் தனியா அரிசி, அவ சிறுதானியம் தொட மாட்டா, சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது. நாலு மணிக்குச் சுண்டல். ஆறு மணிக்குக் கல்லுப்பு போட்ட வெந்நீர்ல கால் வச்சிருக்கணும், பதினஞ்சு நிமிஷம். ஏழு மணிக்கெல்லாம் ராச்சாப்பாடு முடிஞ்சிரும். மூணே மாசம் தம்பி! முந்நூத்திப் பன்னெண்டு நூத்தி இருபத்தெட்டு ஆயிருச்சு. டாக்டர் மூக்குல விரலை வச்சுட்டார். “எப்படிங்க?”ன்னார். “எல்லாம் என் சொந்த முயற்சி டாக்டர்”னு சொன்னேன்.

என்ன? இதெல்லாம் யார் செய்றதா? வீட்டுலதான். என் சம்சாரம், ஜெயக்கொடி. அவளுக்கு வேற என்ன வேலை? பையன் தினகரன் மஸ்கட்ல இருக்கான். வீட்டுல நாங்க ரெண்டே பேருதான்.

நம்ம ஏரியாவுல ஒரு நடைப்பயிற்சிக் கழகம் இருக்கு. இருபத்திரெண்டு பேரு. எல்லாம் ரிட்டயர் ஆனவங்க. பாலிடெக்னிக் ரோட்டுல போய்ச் சுத்தி வருவோம், கடைசியில டீக்கடையில சர்க்கரை இல்லாத டீ. அதுல ஞானதுரைன்னு ஒருத்தர், மின்வாரியத்துல இருந்தவர், கார் வச்சிருக்கார், அதுனால கொஞ்சம் தலைக்கனம். தை மாசம் அவர்தான் ஒரு போட்டியைக் கிளப்பி விட்டார். எல்லார் கையிலயும் இப்ப ஸ்டெப்பு எண்ணுற வாட்ச் இருக்குல்ல? தினமும் எவ்வளவு நடந்தோம்னு வாட்ஸ்அப் குரூப்ல போடணும். மாசக் கடைசியில யார் முதல்னு பார்த்து சால்வையும் கேடயமும். எனக்கும் தினகரன் ஒரு வாட்ச் அனுப்பியிருந்தான். உசத்தியான வாட்ச் தம்பி. ஸ்டெப்பு மட்டுமில்ல, நெஞ்சு எத்தனை தடவை துடிக்குதுங்கிறது வரைக்கும் எண்ணும்.

தை மாசம் நான் ஏழாவது. ஞானதுரை முதல். மானம் போச்சு. அளக்குறதையே தொழிலா வச்சிருந்தவன் நான், அளவுல ஏழாவதா? காலையில ஆறாயிரம் நடப்பேன், அதுக்கு மேல எங்க போறது? வெயில்ல நடந்தா உடம்புக்கு ஆகாது. மாடியில சாய்வு நாற்காலியில இருந்துகிட்டு கையை மட்டும் ஆட்டிப் பார்த்தேன். அது அவ்வளவு சீக்கிரம் ஏமாற மாட்டேங்குது.

மாசி மாசம் ஒரு சனிக்கிழமை. எண்ணெய் தேச்சுக் குளிக்கணும், வாட்சைக் கழட்டி அவகிட்ட குடுத்தேன், பத்திரமா வைடின்னேன். அவ கையெல்லாம் மாவு. எங்க வைக்கிறதுன்னு தெரியாம தன் கையிலயே மாட்டிக்கிட்டா. நான் குளிச்சு, சீயக்காய் போட்டு அலசி, அசதியா இருக்கேன்னு படுத்துட்டேன். எந்திரிச்சு ஒரு மணிக்குச் செல்லை எடுத்துப் பாக்குறேன், பதினோராயிரத்துச் சொச்சம்! அடிச்சது பாருங்க யோகம்! வீட்டை விட்டு வெளிய காலே வைக்கல அவ. வீட்டுக்குள்ளயே எங்கடி நடந்தேன்னா, “நான் எங்க நடந்தேன், அடுப்படியிலதான இருந்தேன்”ங்கிறா.

விடுவேனா? டேப்பை எடுத்து அளந்துட்டேன். அடுப்படியில இருந்து கொல்லைக் குழாய்க்குப் பதினெட்டு ஸ்டெப்பு. குழாயில இருந்து துவைக்கிற கல்லு ஒன்பது. அடுப்படியில இருந்து மாடிப்படி பன்னெண்டு, படி பதினேழு, மேல ஏறி என் நாற்காலி வரைக்கும் பதினொண்ணு. இது ஒரு தடவைக்கு. ஒரு நாளைக்கு எனக்கு எத்தனை தடவை மேல வர்றான்னு கூட்டிப் பார்த்தா கணக்குச் சரியா வருது. பெரிய விஷயமில்ல தம்பி, ஒவ்வொண்ணும் சின்னச் சின்ன நடைதான். ஆனா சேர்ந்துருது பாருங்க.

மறுநாள்ல இருந்து காலையில வாக்கிங் முடிச்சு வந்த உடனே வாட்சைக் கழட்டி அவ கையில மாட்டிருவேன். ராத்திரி படுக்கப் போறப்ப வாங்கிக்குவேன். பதிமூணாயிரம், பதினாலாயிரம், ஒரு நாள் வீட்டுக்கு ஒட்டடை அடிச்சப்ப பதினேழாயிரம்! ஞானதுரைக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. பங்குனி, சித்திரை, வைகாசி, மூணு மாசமும் நான்தான் முதல். மூணு கேடயம் ஷோகேஸ்ல இருக்கு. தினமும் அவதான் துடைச்சு வைப்பா.

நீங்க சிரிக்கிறீங்க. ஏமாத்து வேலைன்னு நினைக்கிறீங்க. இல்ல தம்பி. எங்க தொழில்ல எப்படின்னு தெரியுமா உங்களுக்கு? சங்கிலியை இழுத்துக்கிட்டு முள்ளுலயும் சேத்துலயும் நடக்குறவன் செயின்மேன். சர்வேயர் ஒரு மரத்தடியில நின்னு, அவன் கத்துற அளவை புஸ்தகத்துல எழுதுவான். கீழ கையெழுத்து யாரோடது? சர்வேயரோடது. எந்த நிலத்துப் பதிவுலயாவது செயின்மேன் பேரு பார்த்திருக்கீங்களா? முப்பத்தி நாலு வருஷம் அரசாங்கமே அதை ஒத்துக்கிட்டிருக்கு. வாட்ச் என்னுது, செல்லு என்னுது, அதுல பதிஞ்ச பேரு, வயசு, எடை எல்லாம் என்னுது. அப்ப ஸ்டெப்பு யாரோடது? நீங்களே சொல்லுங்க.

கையில அது உறுத்துதுன்னு அவ ரெண்டு தடவை சொன்னா, அவ்வளவுதான்.

ஆனி மாசம் பிடிச்சுது தம்பி சனி. பதினாலாயிரம் பன்னெண்டாச்சு, பன்னெண்டு பத்தாச்சு. ஒரு நாள் எட்டாயிரத்தி நானூறு! குரூப்ல ஞானதுரை கைதட்டுற பொம்மையைப் போடுறார். எனக்கு வந்துச்சே கோவம். என்னடி பண்ற பகல் பூராம்னு கேட்டா, “மலைப்பா இருக்குங்க, அசந்து அசந்து வருது, மூச்சு முட்டுது”ங்கிறா. முட்டாம என்ன செய்யும்? ஒரு பழக்கம் உண்டா அவளுக்கு? ஒரு நடை உண்டா, ஒரு யோகா உண்டா? நான் பண்ற மூச்சுப் பயிற்சியைத் தினம் பத்து நிமிஷம் பண்ணுன்னு ஒரு வருஷமா சொல்றேன், நேரமில்லைங்கிறா. பத்து நிமிஷம் தம்பி! மனசு வச்சா நேரம் கிடைக்காதா? வீடியோ கூட அனுப்பி வச்சேன். இன்னும் தொறந்தே பாக்கல.

இதுல மெட்டி வேற இறுகிப்போச்சு. காலு வீங்கிக் கிடக்கு, விரல்ல மெட்டி பதிஞ்சு ரத்தம் கட்டின மாதிரி ஆயிருச்சு. பத்தர்கிட்ட போய்த் தளர்த்திட்டு வந்தா, பத்து நாள்ல மறுபடியும் இறுகிருச்சுங்கிறா. ஊறுகாயைக் குறைன்னேன். உப்புதான் நீரைச் சேர்க்கும், அது எனக்கு நல்லாத் தெரியும், நான் உப்பை விட்டு ஒன்பது மாசமாச்சு. ராத்திரி ஒரு தலகாணி பத்தாதுன்னு ரெண்டு வச்சுக்கிட்டா, அப்புறம் மூணு. மூணு தலகாணி வச்சுப் படுத்தா கழுத்து என்னத்துக்கு ஆகும்? அதுக்கும் சொன்னேன். நல்லது சொன்னா யாருக்குத் தம்பி பிடிக்குது? நீங்களே பாருங்க, அந்த ரெண்டாவது வடையையும் முடிச்சிட்டீங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நான் எதுக்கு மதுரைக்குப் போறேன்னு கேட்டீங்கல்ல?

மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை. பதினொன்னேகால் ஆச்சு, நெல்லிக்காய்ச் சாறைக் காணோம். மாடியில இருந்து எட்டிப் பாக்குறேன், டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு பாதிப் படியில நிக்கிறா. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறா. என்னடி சிலை மாதிரி நிக்கிறேன்னு கேக்கப்போறேன், என் செல்லு ‘டிங்’குனுச்சு. எடுத்துப் பார்த்தா, இங்கிலீஷ்ல சிவப்பு எழுத்து. நீங்கள் ஓய்வில் இருக்கும்போது உங்கள் இதயத் துடிப்பு நூத்தி முப்பத்தி ரெண்டு. அது கீழயே இன்னொண்ணு. உங்கள் இதயத் துடிப்பு சீராக இல்லை, மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு உசுரு போயிருச்சு தம்பி. நான் சாய்வு நாற்காலியில ஓய்வாத்தான இருந்தேன்? எழுத்துக்கு எழுத்து சரியா இருக்கே! படிச்ச நிமிஷமே நெஞ்சுல இடது பக்கம் சுருக்குன்னுச்சு. வேர்த்து ஊத்துது. ஜெயக்கொடின்னு கத்தினேன். அவ டம்ளரை அங்கயே வச்சுட்டு ஓடி வந்தா. தண்ணி எடுக்கக் கீழ ஓடுறா, மேல வர்றா. விசிறி எடுக்கக் கீழ ஓடுறா, மேல வர்றா. அவ ஓட ஓட இங்க செல்லு டிங்கு டிங்குன்னு அடிக்குது. நூத்தி நாப்பது, நூத்தி ஐம்பத்தி ஆறு. “ஏறுதுடி, ஏறுதுடி!”ன்னு நான் கத்துறேன். அவ எனக்காக அழுதுகிட்டே என் நெஞ்சைத் தடவி விடுறா. பாவம், அவளுக்கே மூச்சு வாங்குது.

ஞானதுரைக்குப் போன் பண்ணச் சொன்னேன். கார் அவர்கிட்டதான இருக்கு. என்னமோ சொல்லுங்க, மனுஷன் அஞ்சே நிமிஷத்துல வந்து நின்னுட்டார். ஊர்லயே ஒரு இதய டாக்டர் இருக்கார், அங்க கொண்டு போயிட்டாங்க.

அங்க ஒரு கூத்து கேளுங்க. டாக்டர் ரூம் முதல் மாடி. லிப்ட்டுல கூட்டம். என்னையும் ஞானதுரையையும் ஏத்தி விட்டுட்டு இவ படி ஏறி வந்திருக்கா. மேல வந்து செவுத்துல சாஞ்சு நின்னவளைப் பார்த்துட்டு, ஒரு நர்ஸம்மா வீல்சேரைத் தள்ளிக்கிட்டு வந்து, “வாங்கம்மா, உங்களுக்குத்தான எமர்ஜென்சி?”ன்னு கேட்டிருக்கு! ஞானதுரை சிரிச்ச சிரிப்பு இருக்கே! பேஷண்டு நான் இங்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், அவளைப் போய்! அவளும், “எனக்கில்லம்மா, அவருக்கு”ன்னு என்னைக் கை காட்டினா.

டாக்டர் செல்லை வாங்கி எல்லாத்தையும் பார்த்தார். முகம் மாறிப்போச்சு. “இது நல்லா இல்லையே. இது வந்த நேரத்துல நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?”ன்னு கேட்டார். பக்கத்துல ஞானதுரை. வாட்ச் அப்ப அவ கையில இருந்துச்சுன்னு எப்படித் தம்பி சொல்ல முடியும்? மூணு கேடயமும் போயிரும். ஊருல தலை காட்ட முடியுமா? உக்காந்திருந்தேன்னு சொன்னா, அந்த நேரத்துல ஸ்டெப்பு எப்படி ஏறுச்சுன்னு கேப்பாங்க. “நடந்துகிட்டிருந்தேன் டாக்டர்”னு சொன்னேன். ஜெயக்கொடி வாயைத் தொறக்கப் போனா. ஒரு பார்வை பார்த்தேன்.

நடந்தா இப்படி வருதுன்னா சும்மா விடக்கூடாதுன்னு ஈசிஜி எடுத்து, எக்கோ எடுத்து, அடுத்த நாள் நடக்குற மெஷின்ல ஏத்தி விட்டார். ஒன்பது நிமிஷம் நடந்தேன், ஓடினேன்னே சொல்லலாம். டாக்டர் பேப்பரைப் பாக்குறார், என்னைப் பாக்குறார். “தவசிலிங்கம் சார், உங்களுக்கு நாப்பது வயசுக்காரன் இதயம். கல்லு மாதிரி இருக்கு. இந்த வாட்சுலதான் ஏதோ கோளாறு. கம்பெனியில குடுத்துப் பாருங்க”ன்னார். வாசல்ல நின்ன ஜெயக்கொடி அங்கயே கன்னத்துல போட்டுக்கிட்டா. வீட்டுக்கு வந்த உடனே மாரியம்மன் கோயிலுக்கு நூத்தியெட்டு சுத்து வேண்டியிருக்கேன்னு சொல்றா. எனக்காகத்தான். மறுநாளே சுத்திட்டா. அன்னைக்குப் பதினஞ்சாயிரம் காட்டுச்சு.

நிம்மதியாச்சுன்னு நினைச்சா, வாட்ச் நிறுத்தல தம்பி. இன்னும் மோசம். முதல்ல ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு வந்துச்சு, இப்ப அஞ்சு, ஆறு. நூத்தி நாப்பத்தெட்டுங்கிது, சீரா இல்லைங்கிது, உடனே மருத்துவரைப் பாருங்கிது. நான் ஒரு மனுஷன் எத்தனை தடவை பயப்படுறது? கோளாறுன்னாலும் ஒரு ஒழுங்கா இருக்கா? திங்கக்கிழமை பூராம் ஒரு சத்தமில்ல, அழகா அறுபத்தெட்டு, எழுபதுன்னு காட்டுது. செவ்வாக்கிழமை பேயாட்டம். புதன் பேயாட்டம். வியாழக்கிழமை மறுபடியும் சாமி மாதிரி இருக்கு. உள்ள ஏதோ லூஸ் கான்டாக்ட். அதான் டப்பாவோட எடுத்துக்கிட்டு மதுரைக் கம்பெனிக் கடைக்குக் கிளம்பிட்டேன். மாத்திக் குடுக்காம அங்க இருந்து நான் எந்திரிக்கப் போறதில்ல.

என்ன தம்பி?

எந்த நாள் யார் கையிலயா? அது எதுக்கு இப்ப? திங்கக்கிழமை என் கையில இருந்துச்சு. கோளாறைக் கையோட பாத்துருவோம்னு நானே கட்டிக்கிட்டிருந்தேன். செவ்வாய், புதன் அவ கையில, மாசக் கடைசி நெருங்குதுல்ல, ஸ்டெப்பு வேணுமே. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட மறுபடி காட்டப் போனேன், அதனால என் கையில. வெள்ளி அவ. வெள்ளிக்கிழமை ஆறு தடவை அடிச்சுது. சனி...

இருங்க. சனி காலையில என் கையில. மத்தியானத்துக்கு மேல அவ.

மத்தியானத்துக்கு மேலதான் அடிச்சுது.

இல்ல தம்பி. நீங்க நினைக்கிறது எனக்குப் புரியுது. அப்படி இருக்காது. அவளுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கா. ஒரு நாள் படுத்ததில்ல. இன்னைக்குக் காலையில கூட அஞ்சு மணிக்கு வெந்நீர் வந்துருச்சு. கேழ்வரகு கிண்டிக் குடுத்துத்தான் அனுப்பினா. கொஞ்சம் மலைப்புங்கிறா, அவ்வளவுதான். மலைப்பு, மூச்சு, அப்புறம் அந்தக் காலு. தலகாணி.

முதல் தடவை அடிச்சப்ப அவ பாதிப் படியில நின்னுகிட்டிருந்தா தம்பி. அவ கையிலதான் இருந்துச்சு. ஓய்வில் இருக்கும்போதுன்னு போட்டிருந்துச்சே, நின்னா அது ஓய்வுன்னுதான நினைச்சுக்கும்? நான் அவளைக் கூப்பிட்டு மேலயும் கீழயும்... அடப்பாவி. அந்த நர்ஸம்மா பார்த்த உடனே கண்டுபிடிச்சிருச்சு. டாக்டர் வாயைத் தொறந்து கேட்டார். நான்தான் நடந்துகிட்டிருந்தேன்னு சொன்னேன். அவ சொல்ல வந்தா, முறைச்சேன். நூத்தியெட்டு சுத்து சுத்தியிருக்கா தம்பி, இந்த வெயில்ல, அந்த நெஞ்சை வச்சுக்கிட்டு, எனக்கு ஒண்ணுமில்லைங்கிறதுக்காக.

அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க. செல்லு, செல்லு எங்க வச்சேன்... இந்தா இருக்கு. நீங்க போட்டுக் குடுங்க. ஜெயக்கொடின்னு இருக்காது, வீடுன்னு போட்டிருப்பேன். ஆமா, அதுதான்.

அடிக்குது. எடுக்க மாட்டேங்குறா.

மணி என்ன? பதினொண்ணு இருபதா? எங்க போயிருப்பா? நான்தான் வீட்டுல இல்லையே, இன்னைக்கு அவளுக்கு ஒரு வேலையும் இல்லையே! இன்னொரு தடவை போடுங்க. எடுடி, எடுடி. கண்டக்டர்! கண்டக்டர் சார்! காரியாபட்டி வந்துருச்சா? நான் எறங்கிக்கிறேன், மதுரைக்குப் போகல. வீட்டுக்குப் போகணும். டிக்கெட்டெல்லாம் கிடக்கட்டும், நீங்க நிறுத்துங்க. எனக்குப் பயமா இருக்கு தம்பி. நிஜமாவே பயமா இருக்கு. எங்க அப்பாவுக்குக் காலை எடுத்தப்ப கூட இவ்வளவு பயப்படல.

ஹலோ! ஹலோ, ஜெயக்கொடி! எங்கடி போன? ஏன் இப்படி மூச்சு வாங்குது? மாடியிலயா? மாடியில என்ன பண்ற? என் ரூமையா? இப்ப யாரு உன்னைக் கழுவச் சொன்னா? போன் சத்தம் கேட்டு வாளியோடவே ஓடி வந்தியா? ஓடி எதுக்கு வர்ற? மெதுவா வந்தா என்ன? இல்ல, இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல. நெஞ்செல்லாம் வலிக்கல, நல்லா இருக்கேன். வாட்சை இன்னும் குடுக்கல. அது கிடக்கு விடு. நான் திரும்பி வர்றேன். டாக்டர்கிட்ட போகணும். எனக்கில்லடி, எனக்கில்ல. அழாத. நான் சொல்றதைக் கேளு. வாளியைக் கீழ வை. வச்சிட்டியா? உக்காரு. தரையிலயோ நாற்காலியிலயோ, எங்கயாச்சும் உக்காரு.

உக்காருன்னு சொல்றேன் தம்பி. “ஏன், உங்களுக்கு என்ன வேணும்?”னு கேக்குறா.